யார் பொறுப்பு? கொல்கத்தாவின் ஷேர் ஆட்டோக்களும் பெண் பயணிகளும்

கொல்கத்தாவில் ஆட்டோ பேருந்தைப் போல ஓடுகிறது. மீட்டர் இல்லை, வாடகைப் பேரமும் இல்லை. உல்டாடாங்காவிலிருந்து சால்ட் லேக்கின் கருணாமயி, ராஷ்பிஹாரியிலிருந்து கரியாஹாட், டாலிகஞ்சிலிருந்து கரியா என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடம் உண்டு. ஆள் நிறைந்ததும் புறப்படும். வழியில் இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். பின்னிருக்கையில் மூன்று பேர், முன்னால் ஓட்டுநரை ஒட்டி ஒருவர். கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை, அந்தந்தத் தடத்தின் சங்கம் நிர்ணயிக்கிறது. இதோடு தனியார் பேருந்துகள், மினி பஸ்கள், சந்துகளில் பெருகிவிட்ட ‘டோட்டோ’ எனும் பேட்டரி வண்டிகள். 1873இல் குதிரைகளால் இழுக்கப்பட்டுத் தொடங்கிய டிராம், மைதானத்தை ஒட்டிய ஒரு தடத்துக்குச் சுருக்கப்படும் என்று 2024இல் மாநில அரசே அறிவித்தது. உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி 2009இல் மொத்தமாக மாற்றப்பட்ட தனியார் பேருந்துகள் பலவற்றுக்கு அதே 2024இல் பதினைந்து ஆண்டு ஆயுள் நிறைந்தது. அரசின் நேரடிப் பொறுப்பில் ஓடும் வண்டிகள் குறையக் குறைய, வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் போகும் பெண்களின் பயணம் மேலும் மேலும் தனியார் கையில், அதிலும் முறைசாரா வண்டிகளின் கையில் போய்ச் சேர்கிறது.

இந்த வண்டிகளில் பெண்கள் படும் அவமதிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓட்டுநர்களின் குணக்கேடுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. படிக்காதவர்கள், முரடர்கள், போதையில் ஓட்டுபவர்கள் என்று பட்டியல் நீளும். இந்த விளக்கம் தவறு என்பதும், அதை நம்புவதால்தான் தீர்வுகளும் தடம் மாறிப் போகின்றன என்பதும் என் வாதம். ஷேர் ஆட்டோவும் தனியார் பேருந்தும் பெயருக்குத்தான் முறைசாராதவை. உள்ளே அவை கடுமையான ஒழுங்குடன் இயங்குகின்றன. அந்த ஒழுங்கு வருமானத்தைக் காக்கிறது, முறைவரிசையைக் காக்கிறது, சங்கத்தைக் காக்கிறது. பெண் பயணியின் மரியாதை மட்டும் அதன் விதிகளுக்குள் வரவில்லை.

வண்டிக்குள் நடப்பதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். உரசல், தடவல், வேண்டுமென்றே சாய்வது ஆகியவற்றைப் பெரும்பாலும் செய்பவர்கள் சக பயணிகள். கண்ணாடியைப் பின்னிருக்கைப் பெண்ணின் முகத்துக்கோ மார்புக்கோ திருப்பி வைப்பது, உடையைப் பற்றிப் பேசுவது, ஆபாசப் பாட்டை உரக்க ஒலிக்க விடுவது, முன்னிருக்கையில் உட்கார்ந்த பெண்ணின் மீது முழங்கையை அழுத்துவது ஆகியவை ஓட்டுநர் தரப்பிலிருந்து வருபவை. சில்லறைத் தகராறு தனி வகை. 2010களின் முதல் பாதியில் சில்லறை இல்லை என்றோ கட்டணம் கூடுதல் என்றோ வாய் திறந்த பெண்களை ஓட்டுநர்கள் கெட்ட வார்த்தையால் திட்டிய, கைநீட்டி அடித்த செய்திகள் கொல்கத்தா நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்தன. ஆண் பயணியோடும் சில்லறைச் சண்டை நடக்கும். ஆனால் பெண் என்றால் சண்டை மூன்றாவது வாக்கியத்திலேயே அவளுடைய நடத்தைக்குத் தாவிவிடும். எதிர்த்துப் பேசிய குற்றத்துக்கு அவளுடைய ஒழுக்கம் விசாரிக்கப்படும். அதிகம் வலிப்பது இதுதான். புகாராக எழுதக் கடினமானதும் இதுதான்.

இவற்றுக்கெல்லாம் அடியில், யாரும் கெட்ட எண்ணம் கொள்ளாமலே நடக்கும் ஒரு பாகுபாடு இருக்கிறது. அதை வருமானக் கணக்கு நடத்துகிறது. ஆட்டோவை ஓட்டுபவர் பலநேரம் அதன் உரிமையாளர் அல்லர். நாள் வாடகையை உரிமையாளரிடம் கட்டி, எரிவாயு போட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர். நான்கு இருக்கை நிறைந்தால்தான் நடை கட்டுப்படியாகும்; ஐந்தாவது ஆளை ஏற்றினால் கொஞ்சம் மிஞ்சும். கைக்குழந்தையோடு நிற்பவள், பெரிய பையோடு வருபவள், நிறைமாதக்காரி ஆகியோர் இந்தக் கணக்கில் நட்டம். மாலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. முழுத் தடத்தையும் ஓடாமல் பாதியில் வெட்டி, அங்கிருந்து வேறொரு நடையாக வசூலிப்பதை ‘காட்டா ரூட்’ என்கிறார்கள். நெரிசல் நேரத்தில் இரட்டைக் கட்டணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இழப்பு. இருட்டிய பிறகு வீட்டுக்குப் பாதி வழியில், விளக்கோ கழிப்பறையோ இல்லாத முனையில் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது பொதுவான இழப்பு அல்ல. ஒரே விதி இருவரையும் வேறு வேறு இடத்தில் இறக்கிவிடுகிறது.

தனியார் பேருந்தில் இதே கணக்கு வேறு வடிவில் வேலை செய்கிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் இல்லை. டிக்கெட் வசூலில் பங்குதான் கூலி. எனவே ஒரே தடத்தில் ஓடும் இரு வண்டிகள் அடுத்த நிறுத்தத்தின் ஆட்களுக்காகப் பந்தயம் ஓடுகின்றன. ‘ரெஷாரெஷி’ எனப்படும் இந்தப் பந்தயத்தில் வண்டி முழுதாக நிற்பதே இல்லை. பெண் இறங்க வேண்டும் என்றால் நடத்துநர் ஓட்டுநரைப் பார்த்து ‘ஆஸ்தே, லேடிஸ்’ என்று குரல் கொடுப்பார். கொல்கத்தாவில் வளர்ந்த எவருக்கும் பழகிய குரல் அது. அதைக் கரிசனமாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வேகம் குறைவதே ஒரு சலுகை என்றாகிவிடும்போது அந்தச் சலுகையைப் பெறுபவள் மற்றவர்களுக்குத் தாமதம் உண்டாக்குபவளாகிறாள். ஓடும் வண்டியில் ஏற்ற, நடத்துநர் அவள் தோளையோ முதுகையோ பிடித்து உள்ளே தள்ளுகிறார். உதவிக்கும் தீண்டலுக்கும் இடையிலான எல்லை அங்கே அழிகிறது. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, ஏற்றி இறக்க உதவுவதாகச் சொல்லிப் பெண்களைத் தொடும் நடத்துநரையும், முறைத்துப் பார்ப்பது, சீட்டியடிப்பது போன்றவற்றில் இறங்கும் பயணியையும் பெயர் சொல்லியே விதிக்குள் கொண்டுவந்தது. பிரச்சினை வங்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசுச் சான்று வேண்டியதில்லை. ஆனால் சென்னை மாநகரப் பேருந்தின் நடத்துநர் அரசு நிறுவனத்தின் ஊழியர். விதி அவரைச் சென்றடைய ஒரு வழி இருக்கிறது. வசூலில் பங்கு வாங்கும் நடத்துநரிடமும் நாள் வாடகைக்கு ஓட்டும் ஆட்டோக்காரரிடமும் விதியைக் கொண்டுசேர்ப்பது யார்?

ஆட்டோ ஸ்டாண்டைக் கவனித்தால் பதில் கிடைக்கிறது. எந்த வண்டி முதலில் புறப்பட வேண்டும், எத்தனை வண்டி அந்தத் தடத்தில் ஓடலாம், புதிதாக யார் சேரலாம், கட்டணம் எவ்வளவு ஆகிய அனைத்தையும் சங்கம் தீர்மானிக்கிறது. முறைவரிசையை மீறி ஆள் ஏற்றிய ஓட்டுநர் அன்றைக்கோ அடுத்த சில நாட்களுக்கோ வண்டி எடுக்க முடியாமல் உட்கார வைக்கப்படுவார். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகாமல், எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல், தண்டனை உடனே நிறைவேறிவிடும். 2011இல் இடது முன்னணி ஆட்சி போய்த் திரிணமூல் ஆட்சி வந்தபோது இடதுசாரித் தொழிற்சங்கமான சிஐடியுவின் கொடிகள் இறங்கித் திரிணமூல் தொழிற்சங்கமான ஐஎன்டிடியுசியின் கொடிகள் ஏறின. ஸ்டாண்டின் அதிகாரம் அப்படியே கைமாறியது. ஆக, கேட்பாரற்ற ஒரு துறையைப் பற்றி நாம் பேசவில்லை. ஒவ்வொரு ஓட்டுநரையும் பெயராலும் வண்டி எண்ணாலும் அறிந்த, சில நிமிடங்களில் தண்டிக்கக்கூடிய ஓர் அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம். வரிசையை மீறுவது அங்கே குற்றம், பெண்ணை இழிவாகப் பேசுவது அவளுடைய சொந்தப் பிரச்சினை. அவள் முறையிட்டால் சங்கம் உரிமையாளரைக் காட்டும், உரிமையாளர் ஓட்டுநரைக் காட்டுவார், ஓட்டுநர் அடுத்த நடைக்குப் போயிருப்பார்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1999இல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர் ஒருவரின் பணிநீக்கம் தொடர்பான வழக்கில், 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சில உத்தரவுகள் பிறப்பித்தது. பொதுப் பயணி வாகனத்தில் பெண் துன்புறுத்தப்பட்டு, அவள் முறையிட்டால், துன்புறுத்தியவர் பயணியானாலும் வண்டிப் பணியாளரானாலும், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்று தகவல் தர வேண்டியது பணியாளர்களின் கடமை. தவறினால் வண்டியின் உரிமம் ரத்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதன் பின் 16ஆம் நாள், பயணிகளை வழியில் ஏற்ற அனுமதி இல்லாத ஒரு தனியார் பேருந்தில் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை நடந்தது. நாடு கொந்தளித்தது. சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க வர்மா குழு அமைந்தது, 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது, பாலியல் துன்புறுத்தலும் பின்தொடர்தலும் தனிக் குற்றங்களாயின. இன்று அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடர்கின்றன. தண்டனைப் பிரிவுகள் வளர்ந்தன. உரிமத்தையும் பணியாளர் கடமையையும் இணைத்த அந்த நவம்பர் உத்தரவு பேச்சில்கூட நிற்கவில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஏனென்றால் குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் சுமையை அவமதிக்கப்பட்டவளின் தலையிலிருந்து இறக்கி வண்டியின் மீது வைத்த உத்தரவு அதுதான்.

அதற்குப் பின் வந்த ஏற்பாடுகளும் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டே போயின. பொதுப் பயணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016இல் சேர்க்கப்பட்ட 125எச் விதி, மூன்று சக்கர வண்டிகளுக்கும் மின் ரிக்‌ஷாக்களுக்கும் விலக்கு அளிக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் வாகனத்தைப் பணியிடமாகக் கொள்கிறது. ஐடி நிறுவனத்தின் வண்டியில் வருபவளுக்கு அதன் காப்பு உண்டு. கேனிங்கிலிருந்து விடியற்காலை ரயிலேறி பாலிகஞ்சிலோ ஜாதவ்பூரிலோ இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்ணுக்கு, அந்த வீடுகள் பணியிடம் என்று அதே சட்டம் ஏற்கிறது. வீடு வரைக்குமான வழியை ஏற்பதில்லை. மிகக் குறைந்த கூலிக்காக மிக நீண்ட தூரம் பயணிப்பவளே சட்டத்தின் விளிம்புக்கு வெளியே நிற்கிறாள்.

கொல்கத்தா நாட்டிலேயே பாதுகாப்பான பெருநகரம் அல்லவா என்ற மறுப்பு உடனே வரும். தேசியக் குற்றப் பதிவேட்டின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் லட்சம் பேருக்கு 86.5 குற்றங்கள் என்று அந்நகரம் பெருநகரங்களில் மிகக் குறைந்த விகிதத்தைப் பெற்றது உண்மை. மாலை நேரத்தில் கூட்டமாக, துணிச்சலாகப் பெண்கள் நடமாடும் நகரம் அது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கு காவல் நிலையத்தில் பதிவானவற்றின் கணக்கு. பத்து நிமிடப் பயணத்தில் நடந்த ஒரு தீண்டலைப் பதிய வைக்க அவள் வழியில் இறங்க வேண்டும், நிலையம் தேட வேண்டும், அரை நாள் கூலியை இழக்க வேண்டும், வீட்டில் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பெண்கள் இதைச் செய்வதில்லை. வழியை மாற்றிக்கொள்கிறார்கள், நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் வேலையையே மாற்றிக்கொள்கிறார்கள். இந்த இழப்பையும் அளக்க முடியும். பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளை ஆராய்ந்து, பாதுகாப்பான பயண வழிக்காக அவர்கள் தங்கள் மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்கிறார்கள் என்று காட்டினார். பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட ஆண்டுக்கு ரூ.18,800 கூடுதலாகச் செலவிடவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். குற்றப் பதிவேட்டில் இந்தப் பணமும் வராது, கைவிட்ட கல்லூரியும் வராது.

இன்னொரு மறுப்பை நான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்ள விரும்புகிறேன். ஓட்டுநர்கள் ஏழைகள், ‘பத்ரலோக்’ எனும் படித்த நடுத்தர வர்க்கத்தின் அருவருப்பே பெண் பாதுகாப்பு என்ற பெயரில் அவர்கள் மேல் பாய்கிறது, படித்தவர்கள் ஏறும் மெட்ரோவில் மட்டும் என்ன வாழ்கிறது என்பது அந்த மறுப்பு. இதில் நியாயம் நிறைய இருக்கிறது. 2018 ஏப்ரல் 30 அன்று மெட்ரோவில் அணைத்துக்கொண்டு நின்ற இளம் இணையரை டம்டம் நிலையத்தில் இறக்கி அடித்தவர்கள் ஆட்டோக்காரர்கள் அல்லர், நடுத்தர வயதும் அதற்கு மேலும் ஆன பயணிகள். ஆணாதிக்கத்துக்கு வர்க்க அடையாள அட்டை கிடையாது. ஆகவேதான் ஓட்டுநர்களைச் சிறைக்கு அனுப்பு என்ற முழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவமதிப்புக்கு உள்ளாகும் பெண்களில் பெரும்பகுதியினரும் ஏழைகளே என்பதை இந்த மறுப்பு விட்டுவிடுகிறது. வசதியுள்ளவள் செயலியில் வண்டி வரவழைத்து விலகிவிடுவாள். வீட்டு வேலைக்காரப் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் நர்சிங் ஹோம் ஆயாவும் விலக முடியாது. இங்கே ஏழை ஆணின் பிழைப்பும் ஏழைப் பெண்ணின் மரியாதையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்படுகின்றன. நாள் வாடகையும் வசூல் பங்கும்தான் அவர்களை அப்படி நிறுத்துகின்றன. ஓட்டுநருக்கு நிலையான ஊதியம் கேட்பதும் பெண் பயணிக்குப் பாதுகாப்பு கேட்பதும் ஒரே கோரிக்கை.

தனி இடம் ஒதுக்கினால் தீராதா என்பது மூன்றாவது கேள்வி. கொல்கத்தாப் பேருந்தில் பெண்களுக்கு இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. சியால்தா புறநகர்த் தடங்களில் மகளிருக்கென்று ‘மாத்ரிபூமி’ ரயில்கள் ஓடுகின்றன. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. களைத்து வீடு திரும்பும் பெண்ணுக்கு ஓர் இருக்கை பெரிய விஷயம். ஆனால் 2015 ஆகஸ்டில் மாத்ரிபூமியின் சில பெட்டிகளில் ஆண்களை ஏற்றலாம் என்று ரயில்வே முடிவெடுத்தபோது பெண்கள் மறியல் செய்தார்கள். முடிவு திரும்பப் பெறப்பட்டபோது ஆண்கள் மறியல் செய்தார்கள், கல்லெறி வரை போனது. ஒதுக்கீடு எவ்வளவு எளிதில் ‘மீதி எல்லாம் எங்களுடையது’ என்ற உரிமைப் பேச்சாக மாறுகிறது என்பதை அந்த நாட்கள் காட்டின. ஒதுக்கீட்டு இருக்கை நிறைந்தபின் நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘இது ஜென்ட்ஸ் பக்கம்’ என்று சொல்லவும் அதே தர்க்கம் போதும். சென்னையில் 2025இல் தொடங்கிய பிங்க் ஆட்டோத் திட்டத்திலும், பெண்களுக்கு மானியத்தில் தந்த வண்டிகளை ஆண்கள் ஓட்டுவதைக் கண்டு அதிகாரிகள் எச்சரிக்க வேண்டி வந்தது. பெண்ணைத் தனியே ஒதுக்கும் இந்தத் தர்க்கம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் வங்கம் பார்த்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட பின் மாநில அரசு வெளியிட்ட ‘ராத்திரேர் சாதி’ திட்டம், பெண்களுக்கு இரவுப் பணியை இயன்றவரை தவிர்க்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து நீக்கச் சொன்னது. இரவை மீட்போம் என்று ஆகஸ்ட் 14 நள்ளிரவில் தெருவில் திரண்ட பெண்களுக்கு, வீட்டில் இருங்கள் என்பது பதிலாகத் தரப்பட்டது.

ஷேர் ஆட்டோவின் ஒரு நல்ல இயல்பையும் சொல்லியாக வேண்டும். தனி வாடகை வண்டியைவிட அதைப் பல பெண்கள் விரும்புகிறார்கள். கதவு இல்லை, கூடவே ஆட்கள் இருக்கிறார்கள், தடம் மாறாது, ஓட்டுநர் நாள்தோறும் பார்க்கும் முகம். இந்தப் பழக்கம்தான் இந்தத் துறையின் பெரிய வளம். செயலியும் கேமராவும் இதைத் தர முடியாது. நிம்தா–ஹௌரா தடத்தில் மினி பஸ் ஓட்டும் பிரதிமா போத்தார் போன்ற ஒரு பெண் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது வண்டிக்குள் பேச்சின் தொனி மாற வாய்ப்பு உண்டு. ஆசாத் ஃபவுண்டேஷன் கொல்கத்தாவிலும் ஏழைப் பெண்களுக்கு ஓட்டுநர் பயிற்சி தருகிறது. எனினும் ஆட்டோத் தடங்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே, ஏனென்றால் தடத்துக்குள் நுழையும் வாசல் சங்கத்தின் கையில். வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பயன்படும். கென்யத் தலைநகர் நைரோபியில் ‘மட்டாட்டு’ எனும் தனியார் சிற்றுந்துகள் கொல்கத்தா வண்டிகளைப் போலவே வசூலுக்காக ஓடுபவை. 2014இல் ஒரு சிற்றுந்து நிறுத்தத்தில் உடையைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் ஆடை களையப்பட்டபோது, நவம்பர் 17 அன்று ‘என் உடை என் உரிமை’ என்று பெண்கள் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்படி ஆடை களைவது தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியது. அதோடு நிற்காமல், ஃப்ளோன் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் நேரடியாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. வண்டிகள் சங்கங்களாகவும் கூட்டுறவுகளாகவும் திரண்டிருந்ததால் அவர்களிடம் போய்ப் பேச ஒரு வாசல் இருந்தது. கொல்கத்தாவில் அந்த வாசல் நெடுங்காலமாகத் திறந்தே இருக்கிறது.

இத்துறையைக் கட்டுப்படுத்தவே முடியாது, வேலைநிறுத்தம் செய்துவிடுவார்கள் என்பது கடைசி மறுப்பு. 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் புகை கக்கும் பழைய இரு ஸ்ட்ரோக் ஆட்டோக்களை ஒழிக்கச் சொன்னபோதும் இதையே சொன்னார்கள். போராட்டம் நடந்தது, சாலை மறிப்பு நடந்தது. ஆனாலும் 2009இல் அமலாக்கம் தொடங்கி, நகரத்தின் ஆட்டோக்கள் பச்சை நிற எரிவாயு வண்டிகளாக மாறின. நகரத்தின் நுரையீரலுக்காக ஒவ்வொரு வண்டியையும் மாற்ற முடிந்த அரசுக்கு, பெண்களுக்காக உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். மேற்கு வங்கப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு ஆட்டோத் தட உரிமத்தையும் புதுப்பிக்கும்போது 2012 நவம்பர் 30 உத்தரவை அதில் எழுத வேண்டும். பெண் முறையிட்டால் ஓட்டுநரை அன்றே உட்கார வைக்கும் பொறுப்பைத் தடச் சங்கத்தின் மீது சுமத்த வேண்டும். 125எச் விதியின் மூன்று சக்கர விலக்கை நீக்கும்படி மத்திய அரசிடம் கேட்க வேண்டும். ‘காட்டா ரூட்’ முனைகளில் விளக்குப் போடுவது மாநகராட்சியின் வேலை, அதற்கு நீதிமன்றம் தேவையில்லை. தாம்பரத்திலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டும் நாமும் இதே கேள்வியை நம் ஊர்ச் சங்கங்களிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிடமும் கேட்க வேண்டும். அந்த வழக்கு தென்காசியில் தொடங்கியது. உத்தரவு நமக்கும் பொருந்தும்.